ஆயிரம் கருத்து தேவை

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். பிறகு போனைப் பார்த்தான்.

பதினொன்று.

நேற்றும் பதினொன்றுதான். தேவைப்படுவது ஆயிரம். மீதி இருப்பது பத்து நாள்.

பதினொன்றில் ஒன்று அவனுடையது. இரண்டு தலைவருடையது. அவரிடம் இரண்டு போன் இருந்தது.

அவன் வேலை பார்த்தது ஒரு சின்னத் தொண்டு அமைப்பில். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் தலைவர். இவன் இணையப் பிரிவு. பிரிவில் வேறு யாரும் இல்லை. யார் எதைக் கேட்டாலும் "லிங்க் அனுப்பறேன்" என்று சொல்லிச் சொல்லி, கீழே இருந்த சைக்கிள் கடைக்காரர் அவனுக்கு லிங்க் என்றே பெயர் வைத்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. தலைவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

விவகாரம் இதுதான். அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் கவுண்டரை ஒன்றாம் தேதி முதல் மூடப்போகிறார்கள். டோக்கன் இனிமேல் போன் செயலியில் மட்டும். சுகாதாரத் துறையின் உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தது. 'கவுண்டர் குறித்து வந்த ஒன்பது புகார்களின் அடிப்படையில்' என்று தொடங்கியது. 'பொதுமக்கள் தங்கள் கருத்தைப் பதினான்கு நாட்களுக்குள் துறையின் இணையதளத்தில் பதியலாம். ஆயிரம் கருத்துகள் வந்தால் நேரடி விசாரணை நடத்தப்படும்' என்று முடிந்தது.

"ஏம்ப்பா பதினொண்ணுலயே நிக்குது?" என்றார் தலைவர்.

"யாருக்குக் கவுண்டர் வேணுமோ, அவங்களுக்கு அந்தத் தளத்தைத் திறக்கத் தெரியாது சார். யாருக்குத் திறக்கத் தெரியுமோ, அவங்களுக்குக் கவுண்டர் வேணாம்."

"ரெண்டும் இருக்கறவங்க?"

"நாம மூணு பேர்."

"மூணாவது யாரு?"

"உங்க ரெண்டாவது போன்."

தலைவர் யோசித்தார். "லிங்க்க எல்லா குரூப்புக்கும் தட்டி விடு. காட்டுத்தீ மாதிரி பரவணும்."

லிங்க் தட்டி விட்டான். தெருக்காரர்கள் குரூப், காலை நடைக் குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப் என்று முப்பத்தொரு வாட்ஸப் குரூப். 'உங்கள் டோக்கன் கவுண்டரைக் காப்பாற்றுங்கள். இந்த லிங்க்கைத் தொடுங்கள்.'

காட்டுத்தீ மாதிரிதான் பரவியது. பரவியது வேறு. ஒரு மணி நேரத்துக்குள் முப்பத்தொரு குரூப்பிலும் ஒரே எச்சரிக்கை வந்துவிட்டது. 'கவுண்டரைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு லிங்க் சுற்றுகிறது. தொட்டால் போனில் உள்ளது எல்லாம் போய்விடும். உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்.'

மாலையில் லிங்க் எண்ணிக்கையைப் பார்த்தான்.

பத்து.

"சார், ஒண்ணு குறைஞ்சிருக்கு. யாரோ கருத்தை வாபஸ் வாங்கியிருக்காங்க."

தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

"என் தங்கச்சி அந்த எச்சரிக்கைய அனுப்பியிருந்தா. எனக்கும் கொஞ்சம் பயமா போச்சு."

"அது நம்ம லிங்க் சார்."

"தெரியும்ப்பா." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இருந்தாலும் பத்துப் பேருக்கு அனுப்பிட்டேன்."

மறுநாள் லிங்க் ஒரு வீடியோ எடுத்தான். அறையின் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பேசினான். "வணக்கம். இது மோசடி இல்லை. நான்தான் அனுப்பினேன். தைரியமாத் தொடலாம்." இருபத்து மூன்று விநாடி.

யாரோ அதில் பத்தொன்பதாவது விநாடியில் அவன் முகத்தை நிறுத்திப் படமாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இவன்தான் அவன்' என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் பால் வாங்கப் போனபோது, கடைக்காரர் மேசை மேலிருந்த போனை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், எங்க வீட்டம்மா நேத்து உங்கள போன்ல பார்த்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. போனை ஆஃப் பண்ணி மாவு டின்னுக்குள்ள வெச்சிருச்சு."

எண்ணிக்கை பத்திலேயே நின்றது. மீதி எட்டு நாள்.

"நீ இணையத்துல இறங்கினா நமக்கு ஆள் குறையுதுப்பா," என்றார் தலைவர். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. போன வருடம் நடைபாதைக்காக எடுத்த முயற்சியும் தோற்றது. நூலகத்துக்காக எடுத்ததும் தோற்றது. "இதுவும் போச்சுன்னா நன்கொடை குடுக்கறவங்க இந்தப் பிரிவே வேணாம்னு சொல்லிடுவாங்க. உன்னை எங்க வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியல."

லிங்க் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவன் அந்தக் கவுண்டரைப் பற்றித்தான் யோசித்தான். போன வருடம் அவன் அந்த வரிசையில் நின்றிருக்கிறான். கையில் மனைவியின் கோப்பு. இப்போது கோப்பு அலமாரி மேலே இருக்கிறது.

"மக்கள் தளத்துக்கு வரலைன்னா, தளத்தை அங்க தூக்கிட்டுப் போறேன் சார்," என்றான்.

ஆபீஸிலிருந்து மடக்கு மேசை ஒன்றும், தொடுதிரை டேப் ஒன்றும் எடுத்துக்கொண்டான். நாற்காலி வீட்டிலிருந்து. வீட்டில் இரண்டு இருந்தன, கை வைத்த மர நாற்காலிகள். ஒன்றுதான் பயன்பட்டது. மற்றதைச் சைக்கிள் கடைக்காரர் கேரியரில் கட்டிக் கொடுத்தார்.

டோக்கன் கவுண்டர் என்பது ஒரு கண்ணாடி, அதில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் டோக்கன் அக்கா. இருபது வருடமாக அதே இடம். வருபவர்களிடம் பெயர் கேட்க மாட்டார். "முழங்காலா, முதுகா?" என்பார். பதில் வருவதற்குள் டோக்கனைக் கிழித்து நீட்டிவிடுவார். ஒவ்வொரு முறை கிழிக்கும்போதும் அவருடைய நாற்காலி கிரீச் என்று கத்தும். அதன் நாலாவது காலுக்குக் கீழே ஒரு செங்கல்லும், செங்கல்லுக்கு மேல் மடித்த பழைய பதிவேடும் இருந்தன. வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் அந்தக் கிரீச்சை எண்ணித்தான் தங்கள் முறையைத் தெரிந்துகொள்வார்கள்.

கவுண்டர் மூடினால் அக்காவை ஆவணக் கிடங்குக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு. அது அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது.

லிங்க் கவுண்டருக்குப் பத்தடி தள்ளி மேசையை விரித்தான். அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவன் முகத்தை முதலில். அப்புறம் அவன் கையை. கையில் கோப்பு இல்லை. அடுத்த டோக்கனைக் கிழித்தார்.

முதலில் வந்தவர் தொப்பி போட்ட ஒரு பெரியவர். பட்டன் போன் வைத்திருந்தார்.

"இதுல வராதே தம்பி."

"வரும் ஐயா. உங்க நம்பரைச் சொல்லுங்க, நான் டேப்ல போடறேன். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதை என்கிட்ட சொன்னா போதும்."

போன் கூவியது. தொப்பிக்காரர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, மறுபடி கிட்டே வைத்துப் படித்தார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கே?"

"எனக்குச் சொல்லலாம்."

"அப்படித்தான் திருடனும் சொல்வான்னு என் மகன் சொல்லியிருக்கான்." அவனை உற்றுப் பார்த்தார். "உன் மூஞ்சிய எங்கேயோ பார்த்திருக்கேன். சுத்தி ஒரு வட்டம் இருந்துச்சு."

வரிசை திரும்பிப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு கைகள் பைக்குள் போய்ப் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன.

கண்ணாடி ஓட்டையிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, சொல்லுங்க. அந்தத் தம்பி நம்ம ஆளு. இதே வரிசையில நாப்பத்தோரு நாள் நின்னவரு."

லிங்க்குக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவன் எண்ணியதில்லை.

"நாப்பத்தோரு நாளா?" என்றார் தொப்பிக்காரர். "எந்தத் திருடனுக்குய்யா அவ்வளவு பொறுமை இருக்கு?" ஆறு எண்களையும் ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்.

பதினொன்று.

அதற்கப்புறம் வேலை நடந்தது. வேகமாக அல்ல. ஒருவர் போன் வீட்டில் மகளிடம் இருந்தது. அவர் லிங்க்கின் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா" என்றார். மகள் கட் செய்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டார். மகள், "அப்பா, உங்களை யாராவது பிடிச்சு வெச்சிருக்காங்களா? ஆமான்னா இருமுங்க" என்றாள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே இருமலுக்குத்தான். அரை மணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர்களும் ஆளுக்கொரு கருத்து போட்டுவிட்டுப் போனார்கள்.

பதினொன்றரை மணிக்கு டீ வந்தது. டோக்கன் அக்கா அனுப்பியிருந்தார். மூன்று மணிக்கு மறுபடியும் வந்தது. மறுநாளும் இரண்டு முறை.

"எதுக்குக்கா தினமும்?"

"குடிங்க தம்பி," என்றார் அக்கா. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

திங்கட்கிழமை தலைவரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கருத்துப் போட அல்ல. கையில் உத்தரவின் பின்னிணைப்பு இருந்தது.

"லிங்க், இதைப் பார்த்தியா? ஒன்பது புகாரும் திங்கட்கிழமைதான் பதிவாகியிருக்கு. ஒன்பது வேற வேற திங்கட்கிழமை. எல்லாத்துலயும் 'பெயர் வெளியிட விரும்பாதவர்'னு இருக்கு. ஒரே ஆளுதான்."

"சரி சார். அதுக்கு?"

"அந்த ஆள் திங்கட்கிழமை இங்க வர்றவன். இன்னைக்கு என்ன கிழமை?"

தலைவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அதற்கு மேலாக வரிசையை நோட்டம் விட்டார். ஒரு மணி நேரத்தில் நான்கு பேரைச் சந்தேகித்தார். ஒருவர் மருந்துக் கடை விளம்பரச் சீட்டு கொடுப்பவர். ஒருவர் அடிக்கடி கடிகாரம் பார்த்தார். மூன்றாமவர் தொப்பிக்காரர்.

"அவர்தான் சார் முதல் கருத்தே போட்டாரு."

"அதான் சந்தேகமா இருக்கு."

நாலாவது ஆள் தலைவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லத்தான் பார்த்தாராம்.

தலைவர் எழுந்து கவுண்டருக்குப் போனார். "அம்மா, திங்கட்கிழமைன்னா இங்க கூட்டம் அதிகமா?"

"ஆமாங்க சார். ரெண்டு மடங்கு வருவாங்க. அசைய முடியாது."

"அந்தக் கூட்டத்துல ஒரு படுபாவி ஒன்பது தடவை உங்க மேல புகார் எழுதியிருக்கான்மா. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா அவனுக்கு? இருபது வருஷமா உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறீங்க! என் கையில மட்டும் கிடைக்கட்டும். யாரா இருக்கும்னு நினைக்கறீங்க?"

உள்ளே நாற்காலி நீளமாக ஒரு கிரீச் போட்டது.

"தெரியலைங்க சார்," என்றார் அக்கா. வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே மதிய இடைவேளைப் பலகையை மாட்டினார்.

"பாவம், புகார்னு சொன்னாலே வேதனைப்படறாங்க," என்றார் தலைவர்.

மேசை போட்ட நாலாவது நாள் எண்ணிக்கை நானூற்றுப் பதினொன்று. லிங்க் அடுத்த எண்ணைத் தட்டினான். டேப் சிவப்பானது.

'ஒரே கருவியிலிருந்து 401 கருத்துகள். ஐயத்துக்குரிய செயல்பாடு. இக்கருவி முடக்கப்பட்டது. முடக்கத்தை நீக்க, உரிய ஆவணங்களுடன் துறை அலுவலகத்துக்கு நேரில் வரவும்.'

லிங்க் 'நேரில்' என்ற சொல்லை இரண்டு முறை படித்தான்.

துறை அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர். முன்னால் இருபத்தாறு பேர். முறை வரப் பிற்பகல் ஆனது.

"இதை ஆன்லைன்ல பண்ண முடியாதா சார்?"

"தாராளமா பண்ணலாம். ஆனா உங்க கருவி முடக்கப்பட்டிருக்கே."

"வேற கருவியில?"

"வேற கருவின்னா அது இந்தக் கருவி இல்லையே."

லிங்க் தலையாட்டினான்.

"நானூத்தியொரு கருத்தும் நீங்களே போட்டதா?"

"அவங்க சொன்னாங்க. நான் தட்டினேன்."

"ஏன், அவங்களே தட்ட வேண்டியதுதானே?"

"தட்டத் தெரியாது சார்."

"தட்டத் தெரியாதவங்க எப்படி ஆன்லைனுக்கு வந்தாங்க?"

"ஆன்லைனுக்கு வரல. என் மேசைக்கு வந்தாங்க."

மூக்குக்கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல மூணுதான் இருக்கு. மோசடி, தொழில்நுட்பப் பிழை, உதவி மையம். எது?"

"மூணும் இல்லையே சார். நான் சும்மா உட்கார்ந்து எழுதிக் குடுத்தேன்."

"அதெல்லாம் இதுல இல்லை. இருக்கறதுல எது கிட்டக்க வருதோ அதைத்தான் போடணும். இல்லாததைப் போட எனக்கு வழியில்லை, உங்களுக்கும் வழியில்லை."

"அப்ப... உதவி மையம்?"

"போட்டாச்சு." முத்திரையை மையில் ஒற்றி ஒரு தாளில் குத்தினார். 'மேற்படி கருவியிலிருந்து பதிவாகும் கருத்துகள், இணையத்தைத் தாமே பயன்படுத்த இயலாதவர்களுக்கு ஒருவர் நேரில் அமர்ந்து உதவுவதால் பதிவாகின்றன எனச் சான்றளிக்கப்படுகிறது.'

லிங்க் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மீதி மூன்று நாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வரிசை நின்றது. விபத்து ஏதோ என்று நினைத்து ஓடினான். வரிசை அவன் மேசையில் வந்து முடிந்தது.

உதவி மையம் என்று பதிந்ததும் செயலியின் வரைபடத்தில் அவன் மேசை ஒரு பச்சைப் புள்ளியாக ஏறிவிட்டது. 'அங்கீகரிக்கப்பட்ட உதவி மையம். எல்லாச் சேவைகளுக்கும் அணுகவும்.' மகன்களும் மகள்களும் அதைப் பார்த்துவிட்டு அப்பா அம்மாக்களை அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் செயலியில் டோக்கன் போட வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ். ஒருவருக்குப் போனில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். ஒருவர் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்திருந்தார்.

"இது அரசாங்கச் சேவை இல்லைங்க ஐயா."

"பேட்டரியாவது போட்டுக் குடு தம்பி. அங்கீகாரம் வாங்கியிருக்கல்ல?"

லிங்க் பேட்டரியைப் போட்டான். அவரும் ஒரு கருத்துப் போட்டார். ஒவ்வொருவரும் வந்த வேலை முடிந்ததும் ஒரு கருத்துப் போட்டார்கள். நானூற்றுப் பதினொன்று அறுநூறைத் தாண்டியது. மறுநாள் எண்ணூறைத் தாண்டியது.

டோக்கன் கவுண்டர் முன்னால் ஒருவரும் இல்லை. இருபது வருடத்தில் முதல் முறையாக அந்த நாற்காலி கத்தவில்லை.

கடைசி நாள் பதினோரு மணிக்கு அக்கா தானே டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். லிங்க் எழுந்து டீயை வாங்கினான். அக்கா அவன் நாற்காலியின் கையைப் பிடித்து ஒரு முறை அசைத்துப் பார்த்தார்.

"இது ஆடாதா தம்பி?"

"எது?"

"இந்த நாற்காலி."

"ஆடாதுக்கா. உட்காருங்க."

உட்கார்ந்தார். சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடா," என்றார்.

லிங்க் நின்றுகொண்டே டேப்பைத் தட்டினான். அந்த நேரத்தில்தான் துறையிலிருந்து ஒருவர் வந்தார். மெருகேற்றிய ஷூ. யாரிடமும் பேசவில்லை. தள்ளி நின்று டோக்கன் கவுண்டரைப் போனில் ஒரு படம் எடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆள் இல்லை. அந்தப் பக்கமும் ஆள் இல்லை.

அன்று ஐந்து மணிக்கு எண்ணிக்கை ஆயிரத்துப் பன்னிரண்டு. தலைவர் போனில் கத்தினார். சைக்கிள் கடைக்காரர் எல்லா சைக்கிள்களின் மணியையும் அடித்தார்.

விசாரணை ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் நடந்தது. இணை இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வெள்ளைத் திரை. தொப்பிக்காரர் முதல் ரிமோட்காரர் வரை எல்லோரும் வந்திருந்தார்கள். டோக்கன் அக்கா ஓரத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இணை இயக்குநருக்குச் சிரித்த முகம். "முதல்ல உங்க எல்லாருக்கும் பாராட்டு. ஆயிரத்துப் பன்னிரண்டு கருத்து. அத்தனையும் ஆன்லைன்ல. ஆன்லைன் எங்களுக்கு வராது, அதனால கவுண்டர் வேணும்னு ஆயிரத்துப் பன்னிரண்டு பேர் ஆன்லைன்ல வந்து சொல்லியிருக்கீங்க."

நிறுத்தினார்.

"அப்ப கவுண்டர் எதுக்குங்க?"

தலைவர் லிங்க்கைப் பார்த்தார். லிங்க் தரையைப் பார்த்தான்.

"இன்னொண்ணும் காட்டறேன்." திரையில் படம் வந்தது. காலிக் கவுண்டர். "இது கடைசி நாள் பதினோரு மணி. வர்றவங்களும் இல்ல, ஊழியரும் இல்ல. யாருக்காக இதைத் திறந்து வைக்கணும்?"

அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலைவர் எழுந்தார். அவர் பேச்சைப் பூமியின் சுழற்சியிலிருந்துதான் தொடங்குவார் என்று லிங்க்குக்குத் தெரியும். அவன் சட்டைப் பையைத் தொட்டான். தாள் இருந்தது.

"சார், நான் ஒரு நிமிஷம் பேசலாமா?"

"பேசுங்க."

"அந்தப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க சார். வெட்டாத படம் இருக்கும்ல, அது."

திரைக்குப் பக்கத்தில் நின்ற ஷூக்காரர் போனில் எதையோ தேய்த்தார். படம் விரிந்தது. கவுண்டருக்குப் பத்தடி தள்ளி ஒரு மடக்கு மேசை. மேசையிலிருந்து வாசல் வரை வரிசை. நாற்காலியில் அக்கா கண்ணை மூடியபடி. பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு டேப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

லிங்க் தாளைப் பிரித்து நீட்டினான். "இது உங்க துறை முத்திரை சார். வாசிச்சீங்கன்னா நல்லது."

இணை இயக்குநர் வாசித்தார். "'இணையத்தைத் தாமே பயன்படுத்த இயலாதவர்களுக்கு ஒருவர் நேரில் அமர்ந்து உதவுவதால்...'" சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இந்தக் கருவியிலிருந்து மட்டும் எத்தனை?"

"ஆயிரத்து ரெண்டு. மிச்சம் பத்துல ஒண்ணு நான், ஒண்ணு எங்க தலைவர்."

"ஆயிரத்து ரெண்டும் ஒரே ஆளா தட்டினீங்க?"

"ஆமா சார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதுல ஒரு ஆள். எதிர்ல வரிசை. வந்தவங்க சொன்னாங்க, நான் போட்டுக் குடுத்தேன். அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல சார்."

"கவுண்டர்!" என்று பின்னாலிருந்து தொப்பிக்காரர் கத்தினார்.

அறை அதிர்ந்தது. ரிமோட்காரர் மேசையைத் தட்டினார். இணை இயக்குநரும் சிரித்துவிட்டார். இந்த முறை நிஜமாக.

"சரி. கவுண்டர் இருக்கட்டும். உத்தரவை வாபஸ் வாங்கறேன்." தாளை மடித்தார். "அந்த ஒன்பது புகார்தான் என்னன்னு எனக்கு இன்னும் விளங்கல. யாரா இருந்தாலும் இனிமே எழுதாம இருந்தா சரி."

"எங்கிருந்தாலும் அவன் மேடைக்கு வரட்டும்!" என்றார் தலைவர், இரண்டு கையையும் தூக்கி.

யாரும் வரவில்லை. டோக்கன் அக்கா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பின்பக்கமும் போட்டான். அப்புறம் மேசையை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வரிசை கவுண்டர் முன்னால் நின்றது. கிரீச். கிரீச். தொப்பிக்காரர் ஏழாவதாக நின்று கையை ஆட்டினார். பால் கடைக்காரர் பதினொன்றாவதாக நின்றார். போன் சட்டைக்கு வெளியே இருந்தது.

லிங்க் மேசையை மடக்கினான். நாற்காலியைத் தூக்கித் தோளில் வைக்கப் போனான். யாரோ அதன் கையைப் பிடித்தார்கள். டோக்கன் அக்கா. கவுண்டரில் 'இரண்டு நிமிடம்' என்று பலகை தொங்கியது.

"இதை எடுத்துட்டுப் போறீங்களா தம்பி?"

"வீட்டு நாற்காலிக்கா."

"வீட்ல வேணுமா?"

லிங்க் யோசித்தான். "இன்னொண்ணு இருக்கு," என்றான்.

அக்கா கையை எடுக்கவில்லை. வரிசையைப் பார்த்தார். தலைவர் எங்காவது பெஞ்சில் இருக்கிறாரா என்றும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்த ஒன்பது புகாரும் நான் போட்டதுதான் தம்பி. நாற்காலி ஆடுதுன்னு சொன்னா ஆன்லைன்ல போடுங்கன்னாங்க, அதுல நாற்காலின்னு ஒரு கட்டமே இல்ல, இருந்ததுல 'கவுண்டர் சரியில்லை'ங்கறதுதான் கிட்டக்க வந்துச்சு."